38,000 ரூபாவும் ஒரு இடியப்ப உரலும்

என் உரலின் கவ்வி ஒன்றரை அங்குலம் வரைதான் விரியும். கொழும்பில் அந்த ஹோட்டல் மண்டபத்தில் போட்டிருந்த மேசைப் பலகை இரண்டேகால் அங்குலத் தடிப்பு. பதினெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, கமரா ஓடிக்கொண்டிருக்க, நான் மேசைக்குக் கீழே குனிந்து கவ்வியோடு மல்லுக்கட்டினேன். எனக்குத் தந்த ஆறு நிமிடத்தில் நாலு நிமிடம் திரையில் தெரிந்தது என் முதுகு.

அந்த ஆறு நிமிடத்துக்கும் சேர்த்துத்தான் 38,000 ரூபா கட்டியிருந்தேன். ‘கண்டுபிடிப்பாளர்களுக்கான ரி.வி. ஷொப்பிங் விற்பனைப் பயிற்சி’, இரண்டு நாள், மத்தியானச் சாப்பாடு உட்பட. நடத்தியவர்களின் பெயரை எழுதப்போவதில்லை. அவர்களோடு சண்டை பிடிக்க இதை எழுதவில்லை. என்னைப்போல் பட்டறை வைத்துக்கொண்டு புதிதாக ஒன்றைச் செய்துவிட்டு, இதை எப்படி நாலு பேரிடம் சேர்ப்பது என்று முழிக்கிற ஆட்கள் வன்னியில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேர் என்னிடமே வந்து “அண்ணை, அந்தக் கோர்ஸுக்குப் போகலாமோ?” என்று கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளாது.

முதலில் உரலைப் பற்றி. பரந்தனுக்குக் கிட்ட எனக்கு ஒரு லேத் பட்டறை இருக்கிறது. உழவு இயந்திரச் சாமான், தண்ணீர்ப் பம்பின் தண்டு, கேற் வேலை என்று ஓடுகிறது. பட்டறைக்குப் பின்பக்கத்து ஒழுங்கையில் ஒரு அக்கா இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறா. 2009இல் கடைசிச் சண்டையில், மாத்தளனில் அவாவின் இடது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. இடியப்ப உரலோ இரண்டு கையாலும் அமுக்க வேண்டிய சாமான். மகள் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னர் விடிய நாலு மணிக்கு எழும்பிப் பிழிந்து கொடுப்பாள், தாய் அவிப்பா. மகளுக்கு ஓ.எல். சோதனை வந்தபோதுதான் அக்கா பட்டறைக்கு வந்து, “தம்பி, ஒரு கையாலை பிழியிற மாதிரி ஏதும் செய்யேலுமோ?” என்று கேட்டா.

கார் ஜக்கைப் பார்த்துத்தான் யோசனை வந்தது. பல்லு வெட்டிய தண்டு, பதினாலு அங்குலக் கைபிடி. கைபிடியை ஒருக்கால் அமத்தினால் தண்டு ஒரு பல்லு இறங்கும், பிறகு அங்கேயே பூட்டிக்கொள்ளும். கையை எடுத்தாலும் மா மேலே தள்ளாது. அது சரி, தட்டைச் சுற்றுவது யார்? இடியப்பம் வட்டமாக விழவேண்டுமே. பழைய சைக்கிள் ஹப் ஒன்றை நிமிர்த்தி வைத்து அதன் மேல் தட்டைப் பொருத்தினேன். வலது கையால் கைபிடியை அமத்திக்கொண்டு இடது முழங்கையால் தட்டை மெல்லத் தள்ளுவா. மூன்றாவது மாதிரியில் சரிவந்தது. மகள் விடிய நித்திரை கொண்டாள்.

அதைக் கண்டு கை உளைவுக்காரர், வாதம் பிடித்த ஆச்சிமார் எல்லாம் கேட்கத் தொடங்கினார்கள். சுழல்தட்டு இல்லாமல், மேசையில் கவ்விப் பிடிக்கிறமாதிரி ஒரு சின்ன உரல் செய்தேன். அதைத்தான் கொழும்புக்குக் கொண்டுபோனேன்.

பயிற்சியில் முதல் நாள் காலை முழுக்கக் கதைதான். நல்ல கதைகள் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். 1977இல் அமெரிக்காவில் புளோரிடாவில் ஒரு வானொலி நிலையத்துக்கு விளம்பரக் காசு தரவேண்டிய ஒருவர், காசுக்குப் பதிலாக 112 ரின் வெட்டிகளைக் கொடுத்திருக்கிறார். அறிவிப்பாளர் அவற்றை வானொலியிலேயே கூவி விற்க, அத்தனையும் போய்விட்டதாம். அந்தக் கடன் வசூலிப்பில் இருந்துதான் பின்னர் எச்.எஸ்.என். என்ற தொலைக்காட்சிக் கடையே முளைத்தது. அடுத்தது கியூ.வி.சி. என்ற இன்னொரு தொலைக்காட்சிக் கடை, 1986இல் பென்சில்வேனியாவில் தொடங்கியது. அதில் ஜோய் மங்கானோ என்ற பெண், தான் கண்டுபிடித்த, கையை நனைக்காமல் பிழியக்கூடிய நிலம் துடைக்கும் மொப்பை 1992இல் தானே திரையில் தோன்றிக் காட்ட, அரை மணிக்கும் குறைந்த நேரத்தில் 18,000 மொப் விற்றது. இந்த இடத்தில் பயிற்சியாளர் நிறுத்தி எங்கள் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். பதினெட்டுப் பேரும் மனதுக்குள் 18,000ஐத் தங்கள் சாமானின் விலையால் பெருக்கிக்கொண்டிருந்தோம். நானும்தான்.

அவர் சொல்லாமல் விட்ட பாதியை என் தங்கச்சியின் மகன் பிறகு சொன்னான். தங்கச்சி குடும்பம் கனடாவில், ஸ்காபரோவில். அந்த மொப்பை முதலில் சனல்காரர் தங்கள் ஆட்களை வைத்துக் காட்டியபோது அது ஓடவில்லை. என்னை விடுங்கள், நான் காட்டுகிறேன் என்று அந்தப் பெண் கேட்டு வாங்கித்தான் திரைக்குப் போயிருக்கிறார். பிள்ளைகளை வைத்துக்கொண்டு வீட்டிலே நிலம் துடைத்த கை. இந்தப் பாதியைப் பயிற்சியில் சொன்னால் பயிற்சிக்கே வேலை இருக்காது என்று நினைத்தார்களோ என்னவோ.

இனி அந்த ஆறு நிமிடம். கவ்வி பொருந்தாமல் போக, பக்கத்தில் இருந்த குருநாகல் அம்மா ஒருவர் எழும்பி வந்து உரலைத் தன் இரண்டு கையாலும் மேசையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஒரு கையால் பிழிகிற உரலுக்கு மூன்று கை! சனம் சிரித்தது. அதற்குள் மாவும் ஆறிவிட்டது. வறுத்த அரிசிமாவைச் சுடுதண்ணீர் விட்டுக் குழைத்தால் சூட்டோடு பிழியவேண்டும் என்பது எங்கள் குசினியில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். நான் காலை எட்டு மணிக்கு லொட்ஜில் குழைத்த மாவை பதினொன்றரைக்குப் பிழிய வெளிக்கிட்டேன். கைபிடி இறங்க மாட்டேன் என்றது. பலமாக அமத்த, இடியப்பம் நூலாக வராமல் துண்டு துண்டாக, கோழித் தீன் மாதிரி விழுந்தது. மிச்சமிருந்த நேரத்தில் நான் தண்டின் பல்லுக் கணக்கை விளங்கப்படுத்தினேன். சிங்களத்தில் பாதி, தமிழில் பாதி. பயிற்சியாளர் கையை உயர்த்தினார். “நீங்கள் இரும்பை விற்கிறீர்கள். பார்க்கிற மனுசிக்கு வேண்டியது இடியப்பம்” என்றார்.

அந்த ஒரு வசனத்துக்குக் காசு கொடுக்கலாம். 38,000 கொடுக்கலாமா என்பது வேறு கேள்வி.

இரண்டாம் நாள் கணக்கு. எனக்கு உண்மையில் பிரயோசனப்பட்டது இதுதான், ஆனால் அவர்கள் இதை ஒரு மணித்தியாலத்தில் முடித்துவிட்டார்கள். என் உரல் ஒன்றுக்கு ஸ்ரெயின்லெஸ் குழாய், தகடு, துளை அடிக்கிற கூலி, கைபிடி எல்லாம் சேர்த்து 2,900 ரூபா அடக்கம். தொலைக்காட்சியில் விற்கிற சாமானுக்கு அடக்கத்தைப்போல் நாலு அல்லது ஐந்து மடங்கு விலை வைக்கவேண்டும் என்றார்கள். நாலு மடங்கு என்றால் 11,600. அதில் ஏறக்குறையப் பாதி சனலுக்கு. மீதி 5,800இல் பெட்டி, பாரக்கூலி, திரும்பி வருகிற சாமானின் நட்டம், வரி. எங்கள் சந்தையில் நல்ல அலுமினிய உரல் என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். 11,600க்கு இடியப்ப உரல் என்றால் கிளிநொச்சிச் சந்தையில் என்னை லூசன் என்பார்கள்.

இன்னொரு கணக்கு எனக்கு இரவில் நித்திரையைக் கெடுத்தது. நானும் பட்டறைப் பொடியனும் சேர்ந்து நாளைக்கு ஆறு உரல் செய்வோம். ஆயிரம் உரல் கேட்டால் லீவே இல்லாமல் ஐந்தரை மாதம். அமெரிக்கச் சனல்கள் சாமானை முன்கூட்டியே தங்கள் களஞ்சியத்தில் வைத்திருந்துதான் விற்பார்கள். விற்காததைத் திருப்பி அனுப்பும் உரிமையும் வழமையாக அவர்களுக்குத்தான். அதாவது கடன் எடுத்து இரும்பு வாங்கி, ஆயிரம் உரல் செய்து கப்பலில் ஏற்றி, அன்றைக்குச் சனம் வாங்காவிட்டால் முக்கால்வாசி உரல் என் கணக்கில் திரும்பி வரும். அங்கே ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு விற்றது என்றுதான் அளப்பார்களாம். இரணைமடு வாய்க்கால் முறைத்தண்ணீர் மாதிரி. உன் முறைக்கு நீ வரம்பை வெட்டி வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் அடுத்தவன் வயலுக்குப் போய்விடும்.

இரண்டாம் நாள் பின்னேரம் தேத்தண்ணீரோடு ‘அடுத்த கட்டம்’ வந்தது. தெரிவுசெய்யப்பட்ட ஐந்து பேரை மட்டும் வெளிநாட்டுச் சனல்களுக்கு அறிமுகப்படுத்துவார்களாம். கட்டணம் 275,000 ரூபா, தவணையாகவும் கட்டலாம். தெரிவான ஐந்து பேரில் நானும் ஒருவன். கோழித்தீன் பிழிந்த நான்! அப்போதே எனக்கு ஒரு மாதிரித்தான் இருந்தது. ஆனாலும் மனம் பாருங்கள், “உனக்குள்ளே ஏதோ இருக்கிறது” என்று கோட் போட்ட ஒருவர் சொன்னால் நாற்பத்தெட்டு வயதிலும் உச்சி குளிர்ந்துதான் போகிறது. பஸ் ஏறும்வரை, மாட்டை விற்கலாமா நகையை வைக்கலாமா என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

என்னைக் காப்பாற்றியது மருமகன், அந்த ஸ்காபரோத் தங்கச்சியின் மகன்தான். அமெரிக்காவில் 1999இல் கண்டுபிடிப்பாளர் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்திருக்கிறார்கள். காசு வாங்கிக்கொண்டு கண்டுபிடிப்பை விற்றுத் தருகிறோம் என்கிறவர்கள், ஒப்பந்தத்துக்கு முன்னரே சில விபரங்களை எழுத்தில் கொடுத்தாகவேண்டும். கடந்த ஐந்து வருடத்தில் எத்தனை கண்டுபிடிப்பைப் பார்த்தீர்கள், எத்தனையை நல்லதென்றும் எத்தனையைச் சரிவராது என்றும் சொன்னீர்கள்? மொத்தம் எத்தனை பேர் உங்களிடம் காசு கட்டினார்கள்? அவர்களில் எத்தனை பேர், உங்களுக்குக் கட்டியதைவிடக் கூடுதலாக உழைத்தார்கள்? எத்தனை பேருக்கு உங்கள் மூலம் உரிம ஒப்பந்தம் கிடைத்தது? கடந்த பத்து வருடத்தில் நீங்கள் என்னென்ன பெயரில் இந்தத் தொழில் செய்தீர்கள்? அந்தச் சட்டம் கொழும்பில் ஒரு ஹோட்டல் மண்டபத்துக்குச் செல்லாது. ஆனால் கேள்வியைக் கடன் வாங்க யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. அப்படியே தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வட்ஸ்அப்பில் அனுப்பினேன். ‘வாடிக்கையாளர் இரகசியம்’ என்று பதில் வந்தது. எத்தனை பேர் என்ற எண்ணிக்கையில் என்ன இரகசியம் என்று திருப்பிக் கேட்டேன். இரண்டு நீலச் சரி விழுந்தது, அதோடு சரி.

மருமகன் இன்னொன்றும் சொன்னான். பெரிய சனல்களுக்குப் புதுச் சாமானைக் காட்ட அவர்களுடைய இணையத்தளத்திலேயே வழி இருக்கிறது. விற்பனையாளராக விரும்புகிறவர் படிவத்தை நிரப்பி நேரே அனுப்பலாம். அந்த வாசலைக் காட்டித் தருவதற்கா 275,000? சரி, அறிமுகம் என்ற ஒன்றுக்கும் பெறுமதி இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். சனலோடு வருடக்கணக்கில் தொழில் செய்கிற தரகர்கள் அங்கே இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் விற்ற சாமானில் வீதம் எடுக்கிறவர்கள். விற்றால் அவருக்கும் காசு, விற்காவிட்டால் அவருக்கும் இல்லை. முன்கூட்டிக் காசு வாங்கியவருக்கு என் உரல் விற்றால் என்ன, கறல் பிடித்தால் என்ன?

இதற்குள் ஒரு பெரிய பிழையையும் நானே செய்திருந்தேன். அறிமுகமில்லாத பதினெட்டுப் பேருக்கு முன்னால், கமராவுக்கு முன்னால், பல்லுத்தண்டு எப்படிப் பூட்டுகிறது என்பதுவரை விளங்கப்படுத்திவிட்டேன். எங்கும் ஒரு விண்ணப்பம் போட்டிருக்கவில்லை. இரண்டு நாளில் காப்புரிமை என்ற சொல்லே அந்த மண்டபத்தில் எழவில்லை என்பதைத் திரும்பி வந்த பிறகுதான் யோசித்தேன். இலங்கையில் இது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் வருகிறது. கொழும்பில் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். காப்புரிமை 20 வருடம், இலங்கைக்குள் மட்டும் செல்லும். உண்மையைச் சொன்னால் உரலும் பழசு, பல்லுத்தண்டும் பழசு. சேர்த்த விதமும் உருவமும்தான் என்னுடையது. அதனால் நான் கைத்தொழில் வடிவமைப்புப் பதிவுக்குப் போனேன். அது ஐந்து வருடம், பிறகு இரண்டு தடவை புதுப்பிக்கலாம். முதலில் விண்ணப்பம், பிறகு வாய் திறப்பது. இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள். கண்டுபிடிப்பாளர் ஆணைக்குழு என்று அரசாங்கத்தில் ஒன்று இருக்கிறது, ‘சஹசக் நிமவும்’ போட்டியை நடத்துகிறவர்கள். காசு கட்டிக் கோர்ஸுக்குப் போகமுதல் அவர்களிடம் ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்துப் பாருங்கள். நான் எடுக்காமல் போனேன்.

பயிற்சியில் சொன்ன ஒன்று மட்டும் இன்னும் தொண்டையில் நிற்கிறது. உரல் யாருக்காகச் செய்தது என்று நான் சொன்னபோது பயிற்சியாளரின் முகம் மலர்ந்தது. “அந்தப் பெண்ணைக் கொண்டு வாருங்கள். கையைக் கிட்டக் காட்டினால் சாமான் பறக்கும்” என்றார். திரும்பி வந்து இரண்டு கிழமை நான் அதை அக்காவிடம் சொல்லவில்லை. பிறகு ஒரு நாள் இடியப்பம் வாங்கப் போன இடத்தில் வாய் தவறி வந்துவிட்டது. அக்கா கோபப்படவில்லை. நீத்துப்பெட்டியைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டே சொன்னா, “தம்பி, சண்டை முடிஞ்ச காலத்திலை இருந்து எத்தினை பேர் வந்து இந்தக் கையைப் படமெடுத்துக்கொண்டு போட்டினம். ஒருத்தரும் என்ரை இடியப்பத்தைப் படமெடுக்கேல்லை.”

பிறகு அவாவே கேட்டா, “ஏன், நான் வந்து பிழிஞ்சு காட்டட்டோ? மாவை நான் குழைப்பன்.”

ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் முற்றவெளியில் சர்வதேச வர்த்தகக் கண்காட்சி நடக்கும். தெரிந்த ஒருவரின் கூடாரத்தில் அரை மேசை எடுத்துக்கொண்டோம். கவ்வியை இரண்டரை அங்குலம் விரிகிறமாதிரி மாற்றியிருந்தேன், அந்த ஹோட்டல் மேசையின் புண்ணியம். அக்கா ஒரு காஸ் அடுப்பு, ஒரு சுடுதண்ணீர்ப் போத்தல், மாப் பாத்திரம் எல்லாம் கொண்டுவந்தா. பத்து நிமிடத்துக்கு ஒருக்கால் கொஞ்ச மா, அதற்கு மேல் குழைக்க விடமாட்டா. நீளச் சட்டைக்கை போட்டிருந்தா. கையைப் பற்றி ஒரு சொல் இல்லை. பிழிந்து, அவித்து, சூட்டோடு ஒரு இடியப்பத்தில் சம்பலை வைத்து முன்னுக்கு நிற்கிறவரின் கையில் வைப்பா. பிறகுதான் கதை. “பிள்ளை, நீங்களே ஒருக்கா அமத்திப் பாருங்கோவன். ஒரு விரலாலை அமத்துங்கோ.”

இந்த வித்தையை நான் எங்கே கண்டிருக்கிறேன் என்று யோசித்தேன். முறிகண்டியில்! பிள்ளையாரைக் கும்பிட பஸ் நிற்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில், கச்சான் விற்கிற அம்மாமார் கேட்கமுதல் ஒரு பிடியை எடுத்து எங்கள் உள்ளங்கையில் வைத்துவிடுவார்கள். சூடு தெரியும், மணம் தெரியும், பிறகு வாங்காமல் பஸ் ஏற முடியாது. ஏ9 வீதியால் போகிற அரைவாசி நாடு அந்த அம்மாமாரிடம் விற்பனை படித்திருக்கலாம், சும்மா.

மூன்று நாளில் நாற்பத்தொரு உரல் போனது. 4,500 ரூபாப்படி. பல்லுக் கணக்கை ஒருவரும் கேட்கவில்லை. ஒரு ஐயா மட்டும் கேட்டார், அவரும் லேத்காரர். கொழும்புப் பயிற்சிக்குக் கட்டணம், பஸ், லொட்ஜ், பட்டறை பூட்டிக் கிடந்த நாள் எல்லாம் சேர்த்து 60,000 தாண்டியிருந்தது, இருபது உரலின் அடக்கம். கண்காட்சியில் அரை மேசைக்கும் சாப்பாட்டுக்கும் போனது அதில் பாதிகூட இல்லை.

ஆகவே போகலாமா என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கமராவுக்கு முன்னால் நின்று பழக ஒரு சின்னத் தொகை கொடுப்பதில் தப்பில்லை, ஆனால் அடக்கக் கணக்கு முடித்து, விண்ணப்பம் போட்டு, குறைந்தது முப்பது சாமானை முன்பின் தெரியாத ஆட்களுக்குக் கையால் விற்ற பிறகு. சும்மா தெரிந்தவருக்கு விற்றதைக் கணக்கில் எடுக்காதீர்கள், சொந்தக்காரர் வெட்கத்துக்கும் வாங்குவார்கள். அறிமுகத்துக்கு முன்காசு கேட்டால் அந்தக் கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். சாமானைச் செய்தவர்தான் அதைப் பற்றிக் கதைக்கவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. என்னுடைய விசயத்தில் நான் கதைத்ததுதான் கேடு. மொப் செய்த அந்தப் பெண்ணிடம் இரண்டும் ஒன்றாக இருந்தது, செய்தவரும் அவர், நிலம் துடைத்தவரும் அவர். என் விசயத்தில் அமத்துகிற கை என்னுடையது இல்லை. எனக்கு ஆறு நிமிடப் பயிற்சி தந்ததற்குப் பதில் அக்காவிடம் ஒரு கமராவைக் கொடுத்திருந்தால் அன்றைக்கே விளங்கியிருக்கும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவின் மகள் கைபேசியைப் பிடிக்க, அக்கா பேஸ்புக் நேரலையில் இடியப்பம் பிழிகிறா. உரலைப் பற்றி இரண்டு நிமிடம், சொதியைப் பற்றிப் பதினைந்து நிமிடம். உரல் ஒன்றுக்கு இவ்வளவு என்று அக்காவுக்கு வீதம் கொடுக்கிறேன், எழுதிக் கையெழுத்தும் வைத்திருக்கிறோம். சில ஞாயிறு ஐந்து போகும், சில ஞாயிறு ஒன்றுமில்லை. பெரிய சனல்களே இப்போது கைபேசித் திரைக்குப் பின்னால் ஓடுகின்றன என்று மருமகன் சொல்கிறான்.

போன மாதம் ஸ்காபரோவுக்கு முதல் உரல் போனது, தங்கச்சிக்குத்தான். அனுப்பிய கூலி உரலின் விலையை விடக் கூட. சேர்ந்த அன்றைக்கே வீடியோவில் எடுத்தாள். “அண்ணா, உரல் வடிவாத்தான் இருக்கு. ஆனா இஞ்சை குசினித் தட்டு கருங்கல்லு. கீழை அலுமாரி முட்டிக்கொண்டு நிக்குது. கவ்வி எங்கையும் பிடிக்குதில்லை.”

கமராவைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். கல்லின் விளிம்புக்கும் அலுமாரிக் கதவுக்கும் நடுவில் முக்கால் அங்குலம்தான் இடைவெளி. அளவை எழுதி வைத்திருக்கிறேன்.